சத்தம் வெளியே போகாத அறை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒகாட்டா மேஸ்திரி இரண்டாவது கதவையும் மாட்டி முடித்தார்.

ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு கதவுகள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். ஓரமெல்லாம் தடித்த ரப்பர் பட்டை. கைப்பிடியை அழுத்தியதும் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டது.

"உள்ள போய் நில்லுங்கம்மா, ரெண்டையும் சாத்தறேன்," என்றார் மேஸ்திரி. "பயந்துடாதீங்க. மொதல் தடவை எல்லாருக்கும் காது அடைச்ச மாதிரிதான் இருக்கும்."

நோரியே அறையின் நடுவில் போய் நின்றாள். கதவுகள் மூடிக்கொண்டன.

சஸேபோ ஊரே காணாமல் போய்விட்டது. கப்பல் பட்டறையின் சம்மட்டிச் சத்தம், மலைச்சரிவுக்கு மேலே வட்டமிடும் பருந்துகளின் கூவல், பக்கத்து வீட்டு நிஷிவாகி அம்மாவின் வாஷிங் மெஷின் — கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருந்த எதுவும் இல்லை. தான் எச்சில் விழுங்குவது அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

எட்டுப் பாய் விரிக்கிற அறை. இங்கேதான் அவள் அப்பா ஐந்து மாதம் படுத்துக் கிடந்தார். ஜன்னலோரம் தலைமாடு. அந்த ஜன்னலையும் இப்போது உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு கண்ணாடி வைத்து அடைத்தாகிவிட்டது.

கதவு திறந்தது. கணவர் தடாஹிரோ தலையை நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"கெணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்குங்க."

"ரொம்ப சௌகரியம். இனிமே என்னைத் திட்டணும்னா இங்க கூட்டிட்டு வந்து திட்டு. என்ன, நிஷிவாகி அம்மாவுக்குத்தான் பொழுது போகாது."

படகுத்துறை டிக்கெட் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் தடாஹிரோ. எதற்கும் பதற மாட்டார். ஆறு வாரத்துக்கு முன்னால், "பாட்டுக் கேக்க தனியா ஒரு அறை கட்டணும்," என்று அவள் சொன்னபோதுகூட செய்தித்தாளை இறக்காமலே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இருக்கற ஒத்தை ஸ்பீக்கருக்கா?"

ஒற்றைதான். இடுப்பு உயரத்தில் கறுத்த மரப்பெட்டி. அதன் ஜோடி ஒசாகாவில், தம்பி கியோஷியிடம் இருந்தது.

*

இரண்டும் ஒரு காலத்தில் "நாகிசா"வில் ஒன்றாக நின்றவை. துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் அப்பா நடத்திய காபிக் கடை அது. காபி ஒரு சாக்கு. ஜனங்கள் வந்தது ஜாஸ் இசைத்தட்டு கேட்க. சுவரில் "பேச வேண்டாம்" என்று அப்பாவே தூரிகையால் எழுதி மாட்டியிருந்தார். யாராவது பேசினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவர்களுடைய மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய் மரியாதையாக நீட்டுவார். அமெரிக்க மாலுமிகளுக்கும் அதே கதிதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நோரியே இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்து பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுவாள். சாக்ஸஃபோன் தாழ இறங்கும்போதெல்லாம் பெஞ்சுப் பலகை தொடைக்குக் கீழே சன்னமாக அதிரும். கியோஷி காபிக்கொட்டை மூட்டைகளின் மேல் சுருண்டு தூங்குவான். டிரம்ஸ் அடி ஓய்ந்தால் விழித்துக்கொள்வான். "இவனுக்கு இதுதான் தாலாட்டு," என்று அப்பா கிண்ணம் துடைத்துக்கொண்டே சொல்வார்.

அப்பா படுத்த படுக்கையானதும் கடையை மூடினார்கள். அவரையும், எண்ணூறு தட்டுகளையும், இரண்டு ஸ்பீக்கர்களையும் நாற்பத்து மூன்று கல்படி ஏற்றி இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாள் நோரியே.

அதோடு பாட்டு நின்றது. பக்கத்து வீட்டு நிஷிவாகி அம்மாவின் கணவர் அப்போது கப்பல் பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தார். பகலெல்லாம் தூங்கியாக வேண்டிய மனிதர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. ஒரு நாள் வாசலில் வந்து நின்று, தலை குனிந்து, "தூக்கம் இல்லாம வெல்டிங் பண்ணும்போது கை நடுங்குதும்மா," என்றார். சண்டை போட்டிருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். அன்றைக்கே ஸ்பீக்கர்களின் மேல் இரண்டு மெத்தைகளைப் போர்த்தினாள்.

கடைசி நாள் மதியம் அப்பா ஒரே ஒரு தட்டின் பெயரைச் சொன்னார்.

"நாலு மணிக்குப் போடறேம்ப்பா. அவர் எழுந்துடட்டும்," என்றாள்.

நாலு மணிக்கு அப்பாவுக்கு நினைவு இல்லை. விடியற்காலையில் போய்விட்டார்.

அன்று வந்திருந்த கியோஷி தெருவே கேட்கக் கத்தினான். "எவனோ தூங்கறதுக்காக எங்கப்பன் கேட்ட ஒரே ஒரு பாட்டைப் போட மாட்டேன்னுட்டியே!" நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு வலது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஒசாகாவுக்குப் போனவன்தான். இருபத்து மூன்று வருஷம். கல்யாணம் ஆனதும், பெண் பிறந்ததும் உறவுக்காரர்கள் வாய்வழியாகத்தான் தெரிந்தது.

போன மாதம் அவள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்துக்கு ஒரு தபாலட்டை பதில் வந்தது. "சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன்." அவ்வளவுதான்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

*

"தம்பி வர்றதுக்குள்ள பரீட்சையை முடிச்சிடலாம்," என்றார் மேஸ்திரி.

அறைக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து முடுக்கினார். அருவி கொட்டுவது போல இரைச்சல். கதவுகளைச் சாத்திவிட்டு, சத்தம் அளக்கிற டெசிபல் மீட்டரோடு வெளிச் சந்துக்கு வந்தார். நிஷிவாகி அம்மா தன் சமையலறையில் நின்று கேட்டுச் சொல்வதாக ஏற்பாடு. புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. எண்பது வயதிலும் காது மட்டும் கத்தி மாதிரி.

"கேக்குது!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "தூரத்துல கடல் இரையற மாதிரி."

மீட்டர் நாற்பத்தெட்டு காட்டியது. முப்பத்தைந்துக்குள் வந்திருக்க வேண்டும். மேஸ்திரியின் முகம் சுருங்கிவிட்டது.

"தரை ரப்பர் திண்டு மேலதான் மிதக்குது. உள் சுவர் வெளிச் சுவரை எங்கயும் தொடல. ரெண்டு பலகைக்கு நடுவுல ஈயத் தகடு. அப்புறம் எப்படி?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "எங்கயோ ஓட்டை இருக்கும்மா. காத்து நுழையற இடத்துல சத்தமும் நுழையும்."

அறைக்குள் டார்ச்சை ஏற்றி, ஒரு மூலை மாற்றி ஒரு மூலையாக அடித்துக் காட்டச் சொல்லி தடாஹிரோவை அனுப்பினார். வெளியே மேஸ்திரியும் நோரியேயும் சுவரில் மூக்கு உரசுகிற மாதிரி ஒட்டி நின்று தேடினார்கள். சந்து எப்போதும் இருட்டுதான். கூரைக்குக் கீழே, ஊசி முனை அளவு வெளிச்சம் ஒன்று அவள் கண்ணில்தான் முதலில் பட்டது.

"அதோ!"

பழைய ஏசியின் குழாய் போன துவாரம். வெளியே பூசியது விரிசல் விட்டிருந்தது, உள்ளே நிரப்ப மறந்துபோயிருந்தது. மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, பாறைப் பஞ்சைத் திணித்து, மேலே ஈயத் துண்டை அறைந்து, பசையால் மூடினார்.

மறுபடி இரைச்சல். மறுபடி மீட்டர். முப்பத்து மூன்று.

"அம்மா, இப்ப கேக்குதா?"

"என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்றாள் நிஷிவாகி அம்மா.

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் அந்த அம்மா அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வாசலுக்கு வந்தாள்.

"நான் இப்ப பகல்ல தூங்கறதில்லடி, நோரியே. எனக்காக இவ்வளவு ஈயம் வாங்கி ஒட்டணுமா?"

"உங்களுக்காக இல்லம்மா."

"தெரியும்," என்றாள் கிழவி. கிழங்குத் தட்டை அவள் கையில் வைத்து, கையையும் சேர்த்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

*

பதினொன்றேகாலுக்கு மலையடிவாரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது.

நோரியே படியின் தலைப்பில் வந்து நின்றாள். கீழே ஒரு சின்ன வேன். அதிலிருந்து இறங்கியவன் முடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு தோளைச் சற்றே இறக்கி, படியைப் பார்க்காமல் பக்கவாட்டில் கடலைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தான்.

அப்பா அப்படித்தான் ஏறுவார். பேச நினைத்து வைத்திருந்த முதல் வார்த்தை அவளுக்கு மறந்துபோனது.

"வந்துட்டியா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"வழியில."

நல்ல வேளையாக தடாஹிரோ குறுக்கே வந்தார். "வா மச்சான்! ரெண்டு பேரும் பேசறது இருக்கட்டும், பெட்டி எவ்வளவு கனம்? இப்பவே சொல்லிடு, இடுப்புக்கு பட்டை கட்டிக்கறேன்."

"போகும்போது நான் ஒருத்தனே தூக்கிட்டுப் போனேன் அத்தான்."

"அப்ப உனக்கு முப்பத்து மூணு வயசு. கோபம் வேற இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்ல."

கியோஷியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. மூன்று ஆண்களும் பெட்டியைக் கயிற்றில் கட்டி, பத்துப் படிக்கு ஒரு முறை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, அரை மணி நேரத்தில் மேலே கொண்டுவந்தார்கள். அறைக்குள் இடது பெட்டிக்கு ஆறடி தள்ளி, அதே வரிசையில் நிறுத்தினார்கள்.

ஒரே மரம், ஆனால் நிறம் மாறியிருந்தது. அவளுடையது கறுத்திருந்தது. அவனுடையது வெளிறி, மேலே வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறை.

"மீன் தொட்டி வெச்சிருந்தியா?" என்றாள்.

"பூந்தொட்டி. என் அபார்ட்மெண்ட்ல சுவரு காகிதம் மாதிரி. ஒரு நாள்கூட இதுக்கு ஒயர் மாட்டல." கியோஷி சுவரைத் தட்டிப் பார்த்தான். 'தொம்' என்று செத்த சத்தம் வந்தது. அடைபட்ட ஜன்னலையும் அதன் கீழே தரையையும் பார்த்தான். "ஈயம், பஞ்சு, ரெட்டைக் கதவு... எல்லாம் பிரமாதம். என்ன, இருபத்து மூணு வருஷம் லேட்டு, அவ்வளவுதான்."

தடாஹிரோ மேஸ்திரியின் முழங்கையைப் பிடித்தார். "நாம வெளிய நின்னு மீட்டர் பார்ப்போம், வாங்க."

நோரியே எழுந்து போய் இரண்டு கதவுகளையும் தன் கையாலேயே இழுத்து மூடினாள்.

"இப்ப கத்துடா," என்றாள். "அன்னைக்குத் தெருவே கேக்கக் கத்தினியே. இன்னைக்கு எவ்வளவு வேணா கத்து. ஒரு ஈ காக்காவுக்குக் கேக்காது."

"நான் கத்தறதுக்கு வரலக்கா."

"பின்ன குத்திக் காட்ட வந்தியா? கடைசி அஞ்சு மாசம் நீ எத்தனை தடவை வந்தே? மூணு! ராத்திரி ராத்திரி திருப்பிப் படுக்க வெச்சது யாரு? அந்த மனுஷன் வந்து வாசல்ல தலை குனிஞ்சு நின்னப்போ பதில் சொன்னது யாரு? நாலு மணின்னு சொன்னேண்டா! நாலு மணிக்குப் போட்டுடலாம்னுதான் சொன்னேன்! அந்த நாலு மணி வராதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

தன் குரல் இவ்வளவு பெரியது என்று நோரியேவுக்கு அதுவரை தெரியாது. ஒட்டு வீட்டில் ஒரு வாழ்நாள் முழுக்கத் தாழ்த்திப் பேசிப் பழகிய குரல்.

கியோஷி அந்த வெளிறிய பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நீ அன்னைக்கு ஐஸ் வாங்கப் போனே, ஞாபகம் இருக்கா? ரெண்டு, ரெண்டே கால் மணி."

"ஆமா."

"அப்பா என்கிட்டயும் கேட்டாரு. அதே தட்டு. நான் மெத்தையை எடுத்துட்டேன். தட்டை வெச்சு, முள்ளைக் கையில எடுத்தாச்சு." அவன் ஜன்னல் இருந்த இடத்தைக் காட்டினான். "நிமிர்ந்து பார்த்தா, நிஷிவாகி அம்மா கொல்லையில துணி காயப் போடறாங்க. வெறுங்கால். மரச்செருப்பைக் கழட்டி இடுப்புல சொருகி வெச்சிருக்காங்க. ஒரு கிளிப் கீழ விழுந்துச்சு. அப்படியே சிலை மாதிரி நின்னு மாடியைப் பார்த்தாங்கக்கா. புருஷன் முழிச்சிட்டாரோன்னு."

நோரியே அடைபட்ட ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"என்னால முள்ளை வைக்க முடியல. தட்டை எடுத்து உறையில போட்டேன். மெத்தையைத் திரும்பப் போர்த்திட்டேன். 'அக்கா வரட்டும்ப்பா'ன்னேன். அப்பா என்னைப் பார்த்து, 'கடையில கூட்டம் ஜாஸ்தியா?'ன்னு கேட்டாரு. 'ஆமாம்ப்பா'ன்னேன். 'அப்ப சரி'ன்னுட்டு கண்ணை மூடிக்கிட்டாரு."

அவன் இரு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "மறுநாள் அவரு போனதும் யாரையாவது பார்த்துக் கத்தணும் போல இருந்துச்சு. நீ எதிர்ல நின்னே."

நோரியே இரண்டு எட்டு வைத்து வந்தாள். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மறுபடி ஒன்று.

"இருபத்து மூணு வருஷம்டா! ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே! ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அவர் படத்துக்கு முன்னால எப்படி உட்கார்ந்திருப்பேன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதனாலதான் எழுத முடியல."

மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதாள். கியோஷி எழுந்திருக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. பெட்டியின் மேலிருந்த நீர்க்கறையை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

*

கொஞ்ச நேரம் கழித்து அவளே மூக்கைச் சிந்திவிட்டு, "ஒயர் மாட்டத் தெரியுமா, மறந்துட்டியா?" என்றாள்.

அலமாரியில் மூன்றாவது அடுக்கு, இடமிருந்து பன்னிரண்டாவது இசைத்தட்டு. அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. உறையின் ஓரம் அப்பாவின் கட்டைவிரல் பட்டே கறுத்திருந்தது. கியோஷி இணைப்பை முறுக்கி, நிமிர்ந்து தலையாட்டினான்.

முள் இறங்கியது.

இடது பக்கம் சாக்ஸஃபோன் எழுந்தது. அவளுக்கு மனப்பாடமான ஒலி. இத்தனை வருஷமும் ஞாயிறு மதியங்களில், வால்யூமைக் கடுகளவு திருகி, அவள் கேட்டு வந்தது இந்தப் பாதியைத்தான். வலது பெட்டியில் கரகரவென்று ஒரு உறுமல். பிறகு ஒன்றுமில்லை. கியோஷி மண்டியிட்டு, பெட்டியின் முதுகில் உள்ளங்கையால் தட்டினான்.

பியானோ வந்தது. அதன் பின்னாலேயே டிரம்ஸ்.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். பியானோ எங்கே குறுக்கிடும், எங்கே சாக்ஸஃபோனுக்கு வழிவிட்டு ஒதுங்கும் எதுவும் நினைவில் இல்லை. ஆனால் தொடைக்குக் கீழே தரை அதிர்ந்தபோது வறுத்த காபி வாசனை வந்தது. ஈரக் கோட்டுகளின் வாசனை வந்தது. தட்டு மாற்றும் முன் அப்பா அதைத் துடைக்கும் பட்டுத்துணியை உதறுவாரே, அந்தப் படபடப்புகூடக் கேட்டது.

"சத்தமா வைக்கட்டுமா?" என்றான் கியோஷி.

"வை."

அவன் வைத்தான். பலகைச் சுவர்கள் நிமிர்ந்து நின்று தாங்கின. அந்தப் பக்கம் முழுவதும் ஓடி முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது, சந்தில் தடாஹிரோவும் மேஸ்திரியும் நிஷிவாகி அம்மாவும் மீட்டரைச் சுற்றிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, இன்னும் பாட்டே போடலியா?" என்று மேஸ்திரி கவலையோடு கேட்டார். "முக்கால் மணியா மீட்டர் அசையவே இல்ல. நடுவுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதினதுக்குத்தான் ஒரு தடவை எகிறிச்சு."

"சங்கு ஊதிடுச்சா?" என்றாள் நோரியே.

தடாஹிரோ அவள் கண்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு கிழங்கை உரித்து அவள் கையில் கொடுத்தார்.

*

மூன்று மணிக்குத் தூறல் விழுந்தது. மேஸ்திரி கிளம்பிவிட்டார். கியோஷி தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். வேனின் கண்ணாடி இறங்கியிருந்தது நினைவுக்கு வந்து, நோரியே சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின் பக்கம் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

சுருட்டிக் கட்டிய படுக்கை. ஹேங்கரோடு மடக்கிப் போட்ட சட்டைகள். குளிர்கால மேல்கோட்டு. துண்டில் பொதிந்த ஒரு ரைஸ் குக்கர். ஒரு நாள் வந்து போகிறவன் கொண்டுவருகிற சாமான் இல்லை.

எதையும் கேட்கக் கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்துகொண்டாள். குக்கரை மட்டும் மார்போடு அணைத்து, நனைந்துகொண்டே மேலே கொண்டுவந்தாள்.

சமையலறை வாசலில் கியோஷி அதைப் பார்த்துவிட்டான். முகம் வெளிறியது.

"அக்கா, நான் சொல்லணும்..."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. இதுல மூணு ஆழாக்கு பிடிக்கும்ல? அரிசியைக் கழுவு."

கூடத்தில் தொலைபேசி அடித்தது. தடாஹிரோ எடுத்துப் பேசிவிட்டு, ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"யாரோ சின்னப் பொண்ணு. கியோஷி இங்க வந்திருக்காரான்னு கேக்குது."

அரிசிக் கிண்ணத்தோடு நின்ற கியோஷி வேகமாகத் தலையசைத்தான். இல்லை என்று சொல்.

நோரியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினாள். தம்பியை நேராகப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வந்திருக்காம்மா. இங்கதான் இருக்கான். நான் அவன் அக்கா பேசறேன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது.

"அத்தை... நான் அகானே. அப்பாகிட்ட ஃபோனைக் குடுத்துடாதீங்க, ப்ளீஸ். நான் கூப்பிட்டதும் அவருக்குத் தெரிய வேணாம். சஸேபோ ஸ்டேஷன்ல நிக்கறேன். உங்க கடுதாசியில இருந்த அட்ரஸ் என்கிட்ட இருக்கு. ஆனா அங்க வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்."

"சரி," என்றாள் நோரியே. "சரி. அங்கயே இரு."

ரிசீவரை வைத்தாள். வாசலில் சாய்த்திருந்த பெரிய குடையை எடுத்தாள்.

"யாருக்கா அது? மழையில எங்க போறே?" கியோஷியின் குரல் உடைந்திருந்தது.

"அரிசியில இன்னும் ஒரு ஆழாக்கு சேர்த்துப் போடு," என்று சொல்லிவிட்டு, அவள் படியிறங்க ஆரம்பித்தாள்.